நடக்கிற வேகத்தில்

நாமக்கல்லில் லாரி ஓட்டியவரிடம் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. அவருக்கு வேகத்தின் மேல் ஆசை இருக்காது. என் தாய்மாமா தலை நரைக்கும்வரை லோடு லாரி ஓட்டியவர். இன்று 44 என்று எண் மாறியிருக்கும் பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. எனக்குக் கியர் வண்டி சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "நான் சொல்ற வரைக்கும் நடக்குற வேகத்துக்கு மேல போகக் கூடாது, அம்மணி."

நான் கோழித் தீவன நிறுவனம் ஒன்றில் களப்பணியில் இருக்கிறேன். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் போய், கோழி தீவனம் எடுக்கிறதா, முட்டை ஓடு கெட்டியாக இருக்கிறதா, எச்சம் இளகியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது வேலை. பண்ணைகள் தார்ச்சாலை ஓரத்தில் இருப்பதில்லை. ஊரைத் தாண்டி, இட்டேரியில் திரும்பி, டிராக்டர் டயர் உழுதுபோட்ட மண் தடத்தில் போக வேண்டும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கித்தான் ஏறும். மாமாவின் ஸ்ப்ளெண்டருக்கு 18 அங்குலச் சக்கரம். பாதிக் குழிகளை அது மேலோடு உருண்டு கடந்துவிடும். பால்காரர்களும் கீரைக்காரர்களும் இந்த வகை வண்டியை விடாமல் வைத்திருப்பதற்கு மைலேஜ் மட்டும் காரணமில்லை.

கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது. கியர் வண்டியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கு மறுபடி எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அந்தக் காலம் முழுவதையும் மாமா எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

ஊருக்கு வெளியே நெல் காயப்போடும் களம் ஒன்று உண்டு. அறுவடை இல்லாத நாளில் காலியாகக் கிடக்கும். பாடம் அங்கேதான். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள் கியர் வண்டிக்கு வரும்போது பெரிய சிக்கல் கியரில் இல்லை, இடது கையில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் கிளட்ச். குறுக்கே நாய் வந்தால் பழகிய இடது கை தானாக இறுகும். ஸ்கூட்டர் நிற்கும், மோட்டார் சைக்கிளோ எஞ்சினின் பிடி விட்டுப்போய் இன்னும் தாராளமாக உருளும். மாமா இதை முதல் நாளே பார்த்துவிட்டார். அதனால் எஞ்சினைக் கிளப்பாமல், வண்டியை அவர் பின்னாலிருந்து தள்ள, நான் வலது காலால் பின் பிரேக்கையும் வலது கையால் முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்த வேண்டும். தள்ளு, நிறுத்து. தள்ளு, நிறுத்து. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. "மூளை மறந்துரும் கண்ணு. காலு மறக்காது. காலுக்குச் சொல்லிக் குடுக்கோணும்."

அடுத்து கிளட்ச். ஆக்ஸிலேட்டரை முறுக்கவே கூடாது என்றார். 97.2 சிசி எஞ்சின் ஐடிலில் ஓடுகிற சக்தியே சமதரையில் வண்டியை நகர்த்தப் போதும். முதல் கியரைப் போட்டு, கிளட்ச் லீவரை இழை இழையாக விட வேண்டும். பாதி தூரம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகத் தணியும். ஹேண்டில்பாரில் மெல்லிய நடுக்கம் ஏறும். உட்கார்ந்திருக்கும் சீட் முன்னால் போகப் பார்ப்பதை உடம்பு உணரும். விரல் அங்கேயே நிற்க வேண்டும். விட்டுவிடவும் கூடாது, திரும்ப இழுத்துக்கொள்ளவும் கூடாது. உள்ளே எண்ணெயில் ஊறிய தட்டுகள் ஒன்றையொன்று உரசி, முழுதாகக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டே இழுக்கிற நிலை அது. ஹாஃப் கிளட்ச் என்பார்கள். அந்த நிலையில் வண்டி மாமா நடக்கிற வேகத்தில் அவர் பக்கத்திலேயே வரும். அவர் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். அவர் இரண்டு அடி வைத்தால் இரண்டு அடி போக வேண்டும். கால் தரையில் படக் கூடாது.

வண்டி பழகுவது என்பதன் பெரும்பகுதி இந்த விரல் வேலைதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். சாலையில் எண்பதில் போவதற்குத் தனித் திறமை வேண்டியதில்லை. சக்கரங்கள் சுழல்கிற வேகத்திலேயே வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். ஐந்து கிலோமீட்டரில் போகும்போது அந்த உதவி கிடையாது. அப்போது வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது இடது கை விரலும் வலது கால் பிரேக்கும் கண்ணும்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போடச் சொல்வதும் இதைப் பார்க்கத்தான். கால் ஊன்றினால் தேர்வு போயிற்று. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்படும் வாகன ஆய்வாளர் பார்ப்பது எட்டின் அழகை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பார்ப்பது, மெதுவாகப் போகும்போது வண்டி யார் சொல்லைக் கேட்கிறது என்பதை.

எட்டுக்கு மாமா சொன்ன உபாயம் கண்ணைப் பற்றியது. முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி ஆடும். தரையில் கிடக்கும் கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லின் மேலேயே ஏறும். வளையும்போது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, அடுத்த வளையம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை தானாக வரும். களத்தில் இரண்டு செங்கல்லை வைத்து அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, செங்கல்லைப் பார்க்காத நேரத்தில்தான் செங்கல்லில் மோதாமல் வந்தது. இது ஏன் இப்படி என்று யோசித்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. பின்னால் சாலைக்கு வந்த பிறகும் இந்த ஒன்றுதான் அதிகம் காப்பாற்றியது: குழி தெரிந்தால் குழியைப் பார்க்காதே, அதன் ஓரத்தில் போக இருக்கிற தார்ப்பட்டையைப் பார்.

இனி நான் சொல்லப்போவதுதான் மாமா தவிர வேறு யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்க முடியாத பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைத் தெரிந்தவர் ஒருவரின் லாரிப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் ஏராளம். அங்கே கட்டி முடித்த லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. என்னை ஏணிப்படியில் ஏற்றி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் ஸ்ப்ளெண்டரை உருட்டிக்கொண்டு லாரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். "நான் எப்ப மறையுறேன்னு சொல்லு."

வலது பக்கம் வரும்போது கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தார். பின்னால் போனார், மறைந்தார். லாரியின் பின்பலகைக்கு ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் என்ன, ஒரு காரே நின்றாலும் டிரைவருக்குத் தெரியாது. பிறகு இடது பக்கமாக, லாரிக்காரர்கள் கிளீனர் சைடு என்று சொல்லும் பக்கமாக, முன்னேறி வந்தார். கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்தார். முன் சக்கரத்துக்கு நேராக வந்ததும் காணோம். எட்டிப் பார்த்தேன். கதவு ஜன்னலின் கீழ் விளிம்புக்குக் கீழே அவர் நிற்கிறார். சீட்டில் நேராக உட்கார்ந்தால் வண்டியோடு ஒரு ஆள் இருக்கிற சுவடே இல்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே பம்பரை ஒட்டி நின்றார். அங்கேயும் இல்லை. கை தூக்கி ஆட்டினார். விரல் நுனி மட்டும் தெரிந்தது.

சிக்னலில் நிற்கும் லாரிக்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு கஜ இடத்தில் எத்தனை ஸ்கூட்டர்கள் போய் நிற்கின்றன என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கீழே இறங்கியதும் மாமா சொன்னது: "கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாத்தான் நீ அவனுக்குத் தெரிவ. மூஞ்சி தெரியலைன்னா நீ அங்க இல்லைன்னு வெச்சுக்க." இதைவிடச் சுருக்கமான சாலை விதி எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் எந்தப் பெரிய வண்டியைத் தாண்டும் முன்னும் அதன் கண்ணாடியில் ஒரு முகத்தைத் தேடுகிறேன். தெரிந்த பிறகே ஹாரன், தெரிந்த பிறகே நகர்வு. தாண்டும்போது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போவதில்லை. போனால் சட்டென்று போய்விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னாலேயே இருக்க வேண்டும்.

அன்று இன்னொன்றும் காட்டினார். பட்டறை வாசலில் முதல் நாள் மழைக்கு மண் இளகியிருந்தது. ஒரு லாரி இடது பக்கம் திரும்பி வெளியே போன தடம் பதிந்திருந்தது. முன் சக்கரம் அகலமாக வளைந்து போயிருக்க, பின் சக்கரம் மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே தள்ளிப் போயிருந்தது. இரண்டு தடத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலம். மாமா அந்த இடைவெளியில் செருப்புக் காலை ஊன்றி நின்றார். "லாரி வலது பக்கம் ஒதுங்குதுன்னா இடது பக்கம் வழி வுடுதுன்னு அர்த்தமில்ல. திரும்பறதுக்கு எடம் எடுக்குது. அப்ப இங்க நுழையாத." நீளமான வண்டி எதுவானாலும் இப்படித்தான். பின் சக்கரம் எப்போதும் உள்வட்டத்தில்தான் வரும். கல்லூரிப் பேருந்தும் அப்படியே, டேங்கரும் அப்படியே. இந்த மண் தடத்தை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

பிரேக்கைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும். அதனால் பலர் வாழ்நாள் முழுதும் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திக்கொள்ள, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரம் வழுக்கும், நிறுத்தாது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். ஆனால் அதைப் பட்டென்று பிடிக்கக் கூடாது. முதலில் தொட்டு, பாரம் முன்னால் இறங்க ஒரு நொடியில் பாதி கொடுத்து, பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் முன் பிரேக் வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் விற்கிற 125 சிசி வரையிலான வண்டிகளில், பின் பிரேக்கை மிதித்தாலே முன் சக்கரத்திலும் பிரேக் விழும் இணைப்பாவது, ஏ.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். கட்டாயம். மாமாவின் வண்டி அதற்கு முந்தையது. இரண்டையும் நாமேதான் பிடிக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லதென்றே நினைக்கிறேன்.

களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னார். நின்ற இடத்தைத் தப்படியால் அளந்தார். நாலு தப்படி. பிறகு நாற்பதில் வரச் சொன்னார். இருமடங்கு வேகத்துக்கு எட்டுத் தப்படி வரும் என்று யாரும் நினைப்பார்கள். பதினாறு வந்தது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வகுப்பில் எழுதிய சூத்திரம்தான். ஆனால் மாமாவின் கால் அளந்தபோதுதான் உடம்பில் ஏறியது. இதோடு, ஆபத்தைக் கண்டு கை லீவரை எட்டுவதற்கு ஆகும் ஒரு நொடியைச் சேர்க்க வேண்டும். அறுபதில் அந்த ஒரு நொடியில் வண்டி 17 மீட்டர் போய்விடுகிறது.

என் வேலைக்கே உரிய ஒரு சங்கதியும் இதில் உண்டு. பண்ணை வாசலில் கிருமிநாசினி கலந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். நோய் உள்ளே வராமலிருக்க வண்டிச் சக்கரம் அதில் நனைந்துதான் போக வேண்டும். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது. வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி வைத்திருந்தால் உரசல் சூட்டில் காய்ந்துவிடும். இட்டேரி முடிந்து தார்ச்சாலை ஏறுவதற்குள் இதைச் செய்துவிடுவேன்.

கொல்லிமலைக்குப் போகலாம் என்று மாமாவே சொன்னபோதுதான் நடக்கிற வேகத்துக்கு அர்த்தம் புரிந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது அவ்வளவு கஷ்டமில்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கியரைத் தேடினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் ஒரே திசை: விரல் பக்கம் மிதித்தால் கூடும், குதிகால் பக்கம் மிதித்தால் குறையும். (அலுவலகத்தில் ஒருவரின் வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. அதை எடுக்கிற நாளில் காலை மறுபடி பழக்க வேண்டியிருக்கிறது.)

இறக்கம்தான் தேர்வு. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை அந்த மலையில் நிறையப் பார்க்கலாம். அப்போது மொத்த பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. லைனிங் சூடேறி, கருகிய வாடை வந்து, போகப்போகப் பிடி குறையும். மாமா முழு இறக்கத்தையும் இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரை மூடி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வைத்தார். வளைவு வருமுன் வேகத்தை முழுதாகக் குறைத்துவிட வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு பிரேக் இல்லை. வளைவு முடிகிற இடத்தில் கண். நம் பாதி சாலையை விட்டு வெளியே போகக் கூடாது, ஏனென்றால் மேலே ஏறி வரும் பஸ் வளைய முழு அகலமும் எடுக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் நின்று வழி விட வேண்டும். ஒரு வளைவில் பலாப்பழம் ஏற்றிய பிக்கப்புக்குப் பின்னால், மனிதர் நடக்கிற வேகத்தில், ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்குமாகக் கால் ஊன்றாமல் இறங்கினேன். களத்துச் செங்கல்லைச் சுற்றிய அதே வேலை. அந்த இடத்தில் மனசில் எழுந்த நிறைவை வேறு எந்த வேலையும் எனக்குத் தந்ததில்லை.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் கால் மணி நேரம் ஆபத்தானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் மேலே மிதக்கும். அப்போது டீக்கடையில் ஒதுங்குவது நல்லது. இரவில் எதிர் விளக்கில் கண் கூசினால் சாலையின் இடது விளிம்பைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். மோகனூர்ப் பக்கம் பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் அந்தக் கூச்சத்துக்குப் பின்னால்தான் இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவதைப் பற்றி மாமாவிடம் பேச்சே கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை, தாடைக்கு அடியில் வார் மாட்டும் சத்தம், பிறகுதான் சாவி.

இப்போது அம்மாவைப் பின்னால் உட்கார வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மா புடவையில், இரண்டு காலையும் இடது பக்கம் போட்டுத்தான் உட்காருவார். அதை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வண்டிதான் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் புடவைக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அசைத்துப் பார்க்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகிய பிறகே கிளப்புவது. பாரம் இடது பக்கம் இருப்பதால் நேராகப் போகவே உடம்பு கொஞ்சம் வலது பக்கம் சாய வேண்டியிருக்கிறது. கிளட்சைச் சற்று வேகமாக விட்டாலும் அம்மா பின்னால் சாய்வார். பிரேக் பிடித்தால் அவர் பாரமும் சேர்ந்து தள்ளும். அதனால் முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் உள்ள இடைவெளியை இன்னும் கூட்டியிருக்கிறேன்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வண்டியிலேயே கூட்டிப்போகச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு மலைப்பாதை நிறைந்திருக்கும் என்பதால் மாமா ஒப்பவில்லை. ஆடி முடியும்வரை சேந்தமங்கலம் சந்தை வரைக்கும்தான் அனுமதி. போகும்போது காலிப் பை, வரும்போது காய்கறி நிறைந்த பை. இரண்டு பாரத்திலும் பழக வேண்டும் என்கிறார். ஆவணி பிறந்து கூட்டம் வடிந்த பிறகு, வார நாளாகப் பார்த்து, விடிகாலையில் ஏறலாம் என்று தேதி குறித்திருக்கிறோம். முன்னால் மாமா இன்னொரு வண்டியில் போவார்.